எஞ்சினுக்கு மாற்று உறுப்பு

கேள்வி: மாதிரி நீராவி எஞ்சினின் இடப்பக்க இணைதண்டு தொலைந்துவிட்டது. புதிதாகச் செய்து மாட்டினால் அது அசல் ஆகுமா? (வாசகர், அல்சூர், பெங்களூரு)

பதில்: இணைதண்டு என்பது இயக்கச் சக்கரங்களைப் பிணைத்து ஒரே கதியில் சுழலவைக்கும் உலோகப் பட்டை. வலப்பக்கத் தண்டு தப்பியிருப்பின், அதன் துளைமையங்களின் இடைவெளியை அளந்து, உங்கள் ஊர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பித்தளைப் பட்டையில் அறுத்தெடுக்கலாம் எனினும், 1:87 அளவுள்ள எஞ்சினில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் சக்கரங்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கிவிடும். அசலைப் பற்றிய கவலையோ வீண்: 1855இல் லீட்ஸ் நகரில் பிறந்த ஃபேரி குயின் நீராவி எஞ்சின், 2011இல் பல பாகங்களைத் திருடரிடம் பறிகொடுத்து, பெரம்பூர் லோகோ பணிமனையில் மாற்றுப் பாகங்கள் பொருத்தப்பெற்று, 2017இல் மீண்டும் தண்டவாளம் ஏறியபோது, அந்த மூதாட்டியிடம் வயதுச் சான்றிதழை எவரும் திருப்பிக் கேட்கவில்லை.