ஐ-864 படிவமும் ரவுண்டு சீலும்: வாழ்க்கைத்துணைப் புரவலரின் வருமானம் நிறுவுதல் பற்றிய பெங்களூர்ப் பாடபேத ஆய்வு

புரவலர் எனும் சொல் முற்காலத்தில் புலவருக்குப் பொன்னும் யானையும் ஈந்தவரைக் குறித்தது. பெங்களூரில் இன்று அது, கட்டிய துணையை அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற்ற விரும்பி, அவருக்குச் சோறு போடத் தமக்கு வக்கு உண்டு என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்திடும் அமெரிக்கக் குடிமக்களைக் குறிக்கும். அப்படிவம் ஐ-864 எனப்படும். 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒப்பந்த வலிமை பெற்ற இதன்படி, புரவலரின் ஆண்டு வருமானம் அந்நாட்டு வறுமைக்கோட்டின் 125 விழுக்காட்டுக்குக் குறையலாகாது. 2025ஆம் ஆண்டுக் கணக்கில் இருவர் மட்டுமுள்ள குடும்பத்துக்குப் பெரும்பாலான மாநிலங்களில் இது 26,437 டாலராக, அதாவது 22 லட்சம் ரூபாய்க்கு மேலாக இருந்தது.

நிறுவும் வழிகளுள் முதலாவது சம்பளம். ஒயிட்ஃபீல்டில் ஆண்டுக்கு ஐம்பது லட்சம் வாங்கும் புரவலர், கேட்டதைப் போல் இருமடங்கு ஈட்டுவதாக அகமகிழ்தல் இயல்பே; எனினும் குடியேறிய பின்னும் அதே மூலத்திலிருந்து தொடர்ந்து வருவதே வருமானம் என்பது விதியாதலின், வேலையை விட்டு விமானம் ஏறப்போகிறவரின் சம்பளம் தர்க்கத்தில் பூச்சியமாகும். கண்முன் இருப்பதே இல்லாததாகும் இந்நிலைக்கு வேதாந்திகள் கயிறு, பாம்பு என்று உவமை தேடி அலைந்தனர். சம்பளச் சீட்டு அன்று இல்லை.

இரண்டாவது சொத்து. பற்றாக்குறையைப் போல் மும்மடங்கு மதிப்புள்ளதாய், ஓராண்டுக்குள் பணமாக்கத்தக்கதாய் அது இருத்தல் வேண்டும். பி-காத்தா மனை என்றால் என்னவென்று தூதரக அதிகாரிக்கு விளக்கத் தனி ஆயுள் தேவையாதலின் இவ்வழி இங்கு விடப்படுகிறது.

முதல் வழிக்கே திரும்பின், சம்பளச் சீட்டின் அடியில் 'கணினியில் உருவானது. கையொப்பம் தேவையில்லை' என்றொரு வாசகம் காணப்படும். அறிஞருலகில் பெரும்போர் விளைத்தது இதுவே. ஜெயநகர் மரபினர் இதனை மூலபாடம் என்பர். மல்லேசுவரம் மரபினரோ, கையொப்பமில்லாத தாளை மதித்த அலுவலகம் உலகில் இல்லையாதலின் இது சோம்பேறி ஒருவரின் இடைச்செருகல் என்றும், ஊதா மையில் ரவுண்டு சீல் குத்தினாலன்றித் தாள் தாளாகாது என்றும் சாதிப்பர். சிவாஜிநகர் ஜெராக்ஸ் கடைச் சுவடியில், அதாவது இரண்டாம் நகலின் மூன்றாம் நகலில், தேநீர்க் கறைக்கு இடப்புறம், ஸ்டேப்ளர் துளைக்கு நான்கு விரற்கடை கீழே, அரைவட்டம் மட்டுமே தெரிகிறது. மறுபாதி எந்திரக் கண்ணாடிக்கு வெளியே விழுந்தது என்பது கடைப்பையன் தரும் விளக்கம்; அவன் முனைவர் பட்டம் பெறாதவனாதலின் அது கொள்ளப்படவில்லை. அரைவட்டச் சீல் என்றொரு வழக்கு இருந்து அழிந்ததெனக் கொண்டு, அதன் காலத்தை ஒரு நிதியாண்டு முன்தள்ளி ஒருவரும் பின்தள்ளி மற்றவரும் பதவி உயர்வு பெறுதலே, பாடலைச் சுவைக்காமல் அதன் நூற்றாண்டை மட்டும் நகர்த்தி ஓய்வூதியம் கண்ட ஆய்வுலகின் மரபுக்கு இசைந்ததாகும். ஐ-864க்கு நோட்டரி சான்றே தேவையில்லை என்பது வேறு. மேயோ ஹால் பக்கம் நோட்டரியைப் பிடித்து, அவர் சீலை மைப்பெட்டியில் ஒற்றி ஒற்றிப் பக்கத்துக்குப் பக்கம் குத்தும் ஓசையைக் காதால் கேட்ட பிறகே மணமக்களின் பெற்றோர்க்கு உறக்கம் வருகிறது. பெங்களூரிலேயே 2025 ஜனவரியில் அமெரிக்கத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டும் விசாப் பணி உடன் தொடங்காமையால், அவ்வாறு சீல் குத்திய படிவக் கோப்பு விசா நேர்காணலுக்கு மும்பை வரை சீல்களோடு பயணித்தது.

மூன்றாவது கூட்டுப் புரவலர். அதாவது அமெரிக்காவில் வாழும், 18 வயது நிறைந்த குடிமகனோ கிரீன் கார்டு பெற்றவரோ. நடைமுறையில், நியூ ஜெர்சிச் சித்தப்பா. குடியேறியவர் குடியுரிமை பெறும்போதோ, அவர் கணக்கில் 40 காலாண்டு உழைப்பு சேரும்போதோ, அவர் நாட்டை விட்டு நிரந்தரமாக நீங்கும்போதோ, கூட்டுப் புரவலர், குடியேறியவர் இருவருள் ஒருவர் இறக்கும்போதோ சித்தப்பாவின் கடப்பாடு முடியும். விவாகரத்து அதனை முடிக்காது. மணமக்களே ஒருவரையொருவர் கைவிட்ட பின்னும் சித்தப்பா கைவிடலாகாது. இப்பகுதியை அவர் கையெழுத்திட்டு முடிக்கும் வரை வாசித்துக் காட்டலாகாது என்பதில் மட்டும் ஜெயநகரும் மல்லேசுவரமும் ஒன்றுபடுகின்றன.