டத்தோவுக்கு ஒரு வாழ்த்துரை

மதிப்பிற்குரிய டத்தோ அவர்களே! நம் வட்டாரக் காற்பந்துச் சங்கத்துக்கு மறுபடியும் போட்டியின்றித் தலைவராகியிருக்கிறீர்கள். பொன்னாடை போர்த்தியாயிற்று, மாலையும் விழுந்தாயிற்று. நாலு வார்த்தை புகழ்ந்து பேசச் சொல்லி என்னை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். உங்களைப் புகழ நாலு வார்த்தை போதுமா?

உங்களுக்கு ஈடாகச் சொல்ல ஒருவரைத் தேடினேன். 1929இல் சிங்கப்பூரில் பிறந்த கோவிந்தசாமி சுப்பையா கிடைத்தார். ஜார்ஜ் சுப்பையா என்றால் பழைய ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். முதலில் கோல் கீப்பர், பிறகு நடுவர். 1974 ஜூன் 19 அன்று மியூனிக்கில், உலகக் கிண்ணத்தில் போலந்தும் ஹைட்டியும் மோதிய ஆட்டத்துக்கு விசில் ஊதியவர் அவர்தான். போலந்து ஏழு கோல் போட்டது, ஹைட்டிக்கு ஒன்றுமில்லை. ஏழு வாங்கியவர்களையும் கடைசி நிமிடம்வரை ஒழுங்காக ஆட வைப்பது லேசான வேலையா? அதோடு விட்டாரா? 1977இல் பினாங்கை 3-2 என்று வீழ்த்தி மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய சிங்கப்பூர் அணிக்கு, பயிற்றுநர் சூ செங் குவீயின் கீழ் உடற்பயிற்சி கொடுத்தவரும் அவரே.

ஆடி, ஊதி, பயிற்றுவித்து முடிக்க அவருக்கு ஓர் ஆயுளே தேவைப்பட்டிருக்கிறது. என்ன நிதானமான மனிதர்! நீங்களோ பந்தைக் காலால் தொடாமலேயே, ஒரே ஆண்டுக்கூட்டத்தில் சங்கத் தலைவர், நடுவர் குழுத் தலைவர், தேர்வுக் குழுத் தலைவர் என்று மூன்றையும் முடித்துவிட்டீர்கள். ஒரு சொட்டு வியர்வை உண்டா? பாத்தேக் சட்டையின் மடிப்புகூடக் கலையவில்லை. உங்கள் நடுநிலைமையோ ஊரறிந்தது. எந்த அணியின் பெயரும் தெரியாதவர் எந்தப் பக்கம் சாய்வார்?

தரம் என்று வந்துவிட்டால் உங்களைப் போல் கண்டிப்பானவர் கிடையாது. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டங்கள் இருந்த காலத்தில், கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் ஒட்டித் திடல் இருக்கும். விடியுமுன் பேர்கொடுக்கப் பிரட்டுக்குப் போய், மதியத்துக்குள் பால் ஊற்றிவிட்டு வந்த பால்மரம் வெட்டுக்காரர், சாயங்காலம் துளை போட்ட டின்னில் சுண்ணாம்பை அள்ளிக் கோடு போடுவார். கோடு காய்வதற்குள் விசிலை எடுப்பார். ஆள் குறைந்தால் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு தானே பேக்கில் நிற்பார். ஆஃப்சைடு புரியாத பையன்களுக்கு ஜப்பான் சிலிப்பர்களை மண்ணில் வரிசையாக வைத்து, "இவன் கடைசி ஆளு, நீ இவனைத் தாண்டி நின்னா லைன்ஸ்மேன் கொடி தூக்குவான்" என்று சொல்லிக்கொடுப்பார். கூலி ஒரு வேலைக்கும் கிடையாது. அப்படி ஒருவரைப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினோம். "கோச்சுக்கான டி லைசென்ஸ் இருக்கா?" என்று ஒரே கேள்வி கேட்டீர்கள். மனிதர் வந்த வழியே திரும்பிவிட்டார். உங்களிடம் என்ன லைசென்ஸ் இருக்கிறது என்று கேட்க எங்களுக்குத் தோன்றவேயில்லை. டத்தோவுக்கு மேல் சான்றிதழ் ஏது?

பெருந்தன்மையிலும் உங்களை மிஞ்ச ஆளில்லை. மரத்தை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். தோட்டம் கைமாறியது, சனங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் பெயர்ந்தார்கள், திடலும் கைவிட்டுப் போயிற்று. வேறு தலைவராக இருந்தால் மனுவும் கையுமாக ஈப்போவுக்கு அலைந்திருப்பார். நீங்களோ, "மேம்பாட்டுக்கு நாம் குறுக்கே நிற்கக் கூடாது" என்று மலர்ந்த முகத்தோடு விட்டுக்கொடுத்தீர்கள். விட்டுக்கொடுத்தது பிறர் பிள்ளைகளின் திடல் என்பதால் அந்தப் பெருந்தன்மைக்கு இன்னும் அழகு கூடிற்று. இப்போது பையன்கள் அடுக்குமாடிக்குக் கீழே கார்களுக்கு நடுவில் உதைக்கிறார்கள். கண்ணாடி உடையாமல் ஆடிப் பழகினால் குறி துல்லியமாகும் என்று நீங்கள் அருளியபோது கைதட்டாதவர் யார்?

வேண்டாதவர்கள் சிலர் பேராக் அணியின் கதையை உங்களுக்கு எச்சரிக்கையாகச் சொல்கிறார்கள். 1921இல் பிறந்த அணி, 2018இல் மலேசியக் கிண்ணத்தை வென்ற அணி, 2025இல் சூப்பர் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது உண்மைதான். ஆனால் அவர்கள் அந்த நிலைக்கு வர நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. நீங்கள் இரண்டே தவணையில் எட்டிவிட்டீர்கள்.

கணக்கறிக்கையும் உங்கள் சிக்கனத்துக்குச் சாட்சி. பந்து, பூட், நடுவர் படி ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. இருந்ததெல்லாம் மாலைக்கும் விருந்துக்குமே போதுமானதாக இருந்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று, டத்தோ. உங்கள் காலத்தில் நம் அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்றதில்லை. ஒரு கோல் வாங்கியதில்லை, ஒரு மஞ்சள் அட்டை பார்த்ததில்லை. இந்தச் சாதனை முறிய வேண்டுமானால் எவனாவது பந்தைத் தூக்கிக்கொண்டு ஆடக் கிளம்பினால்தான் உண்டு. அப்படி ஒன்றும் நடந்துவிடாமல் பார்த்துக்கொள்ள உங்களைவிடப் பொருத்தமானவர் இந்தப் பேராக்கில் வேறு யார் இருக்கிறார்?