சாவியைக் கொடுக்காத நவாப்

வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் "ரெண்டு மாசம் டைம் குடுங்க சார்" என்று தலையைச் சொறியும் குடித்தனக்காரரைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும் திருச்சி ஹவுஸ் ஓனர்களே, அவசரப்படாதீர்கள். அந்த டயலாக்குக்கு ராஜ பரம்பரை உண்டு. 1752-இல் மலைக்கோட்டை அடிவாரத்தில் அதைச் சொன்னவர் சாட்சாத் ஆற்காட்டு நவாப் முகமது அலி!

முந்தின வருஷம் நவாப் பதவிக்குப் போட்டியாளரான சந்தா சாகிப், பிரெஞ்சுக்காரர்களைக் கூட்டிவந்து திருச்சிக் கோட்டையை வளைத்துக்கொண்டார். உள்ளே மாட்டிய நவாப், மைசூர் மந்திரி நஞ்சராஜருக்கு ஆள் அனுப்பினார்: காப்பாற்றினால் திருச்சியே உங்களுக்கு! நஞ்சராஜர் படையும் பணமுமாக வந்து இறங்கினார். கூடவே நின்று சண்டை போட்ட இங்கிலீஷ்காரர்களிடம் மட்டும் நவாப் இந்த டீலைப் பற்றி மூச்சே விடவில்லை.

1752 ஜூனில் ஸ்ரீரங்கம் தீவில் ஒடுங்கிக் கிடந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப்பின் தலை போனது. நஞ்சராஜர் சாவிக்குக் கை நீட்ட, நவாப் ரெண்டு மாச டைம் கேட்டார்! ஆறுதல் பரிசாக ஸ்ரீரங்கத்தையும் அதன் வருமானத்தையும் கொடுத்தார். (நிஜமான ஓனர் அங்கேதான் பள்ளிகொண்டிருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.) கோட்டைக்குள் 700 மைசூர் சிப்பாய்களுக்கும் இடம் கிடைத்தது. பிறகு இங்கிலீஷ் கேப்டன் டால்டன் அவர்களையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

நஞ்சராஜர் என்ன செய்தார்? கோபம் வந்த ஓனர் மோட்டாரை ஆஃப் பண்ணுவார் இல்லையா, அதையேதான். பிரெஞ்சுக்காரர்களோடு கட்சி மாறி, கோட்டைக்குப் போகும் அரிசியை மறித்தார்.

இன்றைக்கு இந்த வேலை நடக்காது. 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமலுக்கு வந்த 2017-ஆம் வருஷத்து வாடகைச் சட்டப்படி, என்ன தகராறு என்றாலும் தண்ணீர், கரண்ட்டை ஓனர் நிறுத்தக் கூடாது. காலி பண்ண வைக்க வாடகை கோர்ட் உத்தரவு வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். நஞ்சராஜர் கோர்ட்டுக்குப் போயிருந்தால், "ரிஜிஸ்டர் பண்ணலையா சார்?" என்று வக்கீல் முதல் ஹியரிங்கிலேயே உதட்டைப் பிதுக்கியிருப்பார்.

நவாப் மட்டும் ஜெயித்தாரா? ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். காவலுக்குக் கூப்பிட்ட இங்கிலீஷ் கம்பெனி பில்லுக்கு மேல் பில் நீட்டியது. நவாப் கடனிலேயே காலத்தை ஓட்டினார். 1801-இல் கம்பெனி அவர் பேரன் கையிலிருந்து ஆற்காட்டு ராஜ்யத்தையே எழுதி வாங்கிக்கொண்டது.

நஞ்சராஜரோ 1755-இல் வெறும் கையோடு மைசூர் திரும்பினார். கஜானா காலி. சம்பளம் வராத சிப்பாய்கள் அவர் வீட்டு வாசலிலேயே தர்ணா உட்கார்ந்தார்கள். அதற்குச் சமாதானம் பேச வந்தவர், திருச்சி முகாமில் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஆள்தான். கொஞ்ச வருஷத்தில் அந்த ஆளே நஞ்சராஜரை அதிகாரத்திலிருந்து காலி பண்ணினார். பெயர் ஹைதர் அலி. நோட்டீஸ் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை.