பிழை எண் 53

ஐடியூன்ஸ் திரையில் பட்டை கடைசி விரற்கடை வரை வந்து நிற்கும். ‘ஐபோனை மீட்டமைக்க முடியவில்லை. அறியப்படாத பிழை (53)’ என்று ஒரு வரி வரும். அறியப்படாததாம், ஆனால் வரிசை எண் மட்டும் உண்டு!

ஐபோன் 6-இன் ஹோம் பட்டன் கெட்டுப்போய், வெளிக்கடையில் மாற்றியவர்களுக்குத்தான் இந்த யோகம். மாற்றிய பிறகும் ஒழுங்காக ஓடிய போன், அப்டேட் போட்டதும் செத்தது. கைரேகைப் பாதுகாப்புக்காகச் செய்தோம் என்றது ஆப்பிள். திருடன் வருவானென்று வீட்டுக்காரனை வெளியே தள்ளிப் பூட்டிய காவல்!

2016 பிப்ரவரியில் பேச்சு மாறியது. அது தொழிற்சாலைச் சோதனைதானாம், வாடிக்கையாளரைத் தொட்டிருக்கவே கூடாதாம். மன்னிப்பும் வந்தது, ஐஓஎஸ் 9.2.1-இல் திருத்தமும் வந்தது. செத்த போன்கள் எழுந்தன, கைரேகை மட்டும் வேலை செய்யாது. இதை முதலிலேயே செய்திருந்தால் யார் கையைப் பிடித்திருக்கப் போகிறார்கள்?

ஆஸ்திரேலியாக்காரர்கள் லேசில் விடவில்லை. வெளியே பழுது பார்த்தவர்களுக்கு எந்த நிவாரணமும் கிடையாது என்று கைவிரித்தது தவறு என்று, 2018-இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் தீட்டியது. அதைக் கட்டும்போது அறியப்படாத பிழை எதுவும் குறுக்கே வந்ததாகச் சேதி இல்லை.