பார்ப்பவருக்கு ஹால், இருப்பவருக்கு மூலை

மாடல் ஃபிளாட்டைக் கண்டுபிடித்தவருக்குச் சென்னையில் ஒரு சிலை வைக்கலாம். எத்தனை சுத்தம், எத்தனை ஒழுங்கு! துணி காயப்போடக் கொடி கிடையாது. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், துடைப்பம், பாட்டியின் வாக்கர், பையனின் சைக்கிள் எதுவும் கிடையாது. சாப்பாட்டு மேசையில் நான்கு தட்டு, நான்கு ஒயின் கிளாஸ், கிண்ணம் நிறைய பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம். ஆள் குடிவராதவரை அந்த வீட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

‘மனிதரை மையமாக வைத்த வடிவமைப்பு’ என்று பிரவுச்சரில் போட்டிருக்கிறார்கள். பொய்யென்று சொல்லமாட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றி, ஹாலில் ஐந்து நிமிடம் நின்று, “செமயா இருக்கு சார், யாரு இன்டீரியர் பண்ணது?” என்று கேட்டுவிட்டுக் கிளம்புகிற மனிதர் இருக்கிறாரே, அவரைத்தான் மையத்தில் வைத்திருக்கிறார்கள். இருபது வருஷம் இ.எம்.ஐ. கட்டி அங்கேயே கிடக்கப்போகிறவர் ஓரமாக ஒதுங்கி நிற்கவேண்டியதுதான்.

முதலில் தலைக்கு மேலே பார்ப்போம். மனிதர் வசிக்கும் அறை குறைந்தது 2.75 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. சூடான காற்று மேலே போய் நிற்க இடம் வேண்டுமே என்கிற அக்கறை. பில்டரும் கஷ்டப்பட்டு அந்த உயரத்தைக் கொடுத்துவிடுகிறார். உடனே நாம் ஓர் ஆளைப் பிடித்து வந்து, ஜிப்சம் போர்டு அடித்து, அரை அடி கீழே இறக்கி, ஓரமெல்லாம் மஞ்சள் விளக்கு மறைத்துவைக்கிறோம். உயரம் விதிக்குக் கீழே போய்விடுகிறதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம். ஏசி போட்ட அறைக்கு ஃபால்ஸ் சீலிங் வரை 2.4 மீட்டர் இருந்தால் போதும் என்று அதே விதித்தொகுப்பு கருணை காட்டுகிறது. ஆகவே சீலிங்கை இறக்கியவர் ஏசி வாங்கித்தான் ஆகவேண்டும். ஏசி வாங்கியவர் ஜன்னலைச் சாத்தித்தான் ஆகவேண்டும். மின்கட்டண ரசீது வந்ததும் அரசாங்கத்தைத் திட்டித்தான் ஆகவேண்டும்.

ஜன்னல் என்றதும் இன்னொரு சாதனை நினைவுக்கு வருகிறது. புழுக்கமும் வெப்பமும் சேர்ந்த ஊருக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் வேண்டும்; குளிர்ப் பிரதேசத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். இதுவும் அதே விதித்தொகுப்பின் கணக்கு. நம் ஃபிளாட்டுகளில் வருவது இரண்டு கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்று நகரும் ஸ்லைடிங் ஜன்னல். முழுவதும் தள்ளினாலும் பாதிதான் திறக்கும். ஆறில் ஒன்றில் பாதி எவ்வளவு? பன்னிரண்டில் ஒன்று! ஏப்ரல் மாத வேளச்சேரிக்குக் குளிர்ப் பிரதேசத்து ஜன்னலை வைத்து, அதற்குச் சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட்டும் வாங்கிவிடுகிறார்கள். வெயில் படாமல் அந்தக் காலத்தில் நீட்டிவிட்ட சன்ஷேடையும் எலிவேஷன் கெட்டுப்போகும் என்று வெட்டிவிட்டார்கள். ரோட்டில் போகிறவன் கண்ணுக்கு லட்சணமாகத் தெரிய வேண்டாமா?

இதிலெல்லாம் தப்பித்தவரை வாஸ்து பிடித்துக்கொள்ளும். குடும்பத் தலைவரின் படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், இருந்தே தீரவேண்டும். மதிய வெயில் முழுவதையும் வாங்கிக்கொள்ளும் சுவர் அது. ராத்திரி பதினொரு மணிக்கும் அதில் கைவைக்க முடியாது. தலைவர் புரண்டு படுக்கிறார், ஐஸ்வரியம் பெருகுகிறது.

இனி சமையலறை. வீட்டிலேயே அதிக நேரம் ஆள் நிற்கும் அறை, அதிகச் சூடு கிளம்பும் அறை, ஃபேன் போட முடியாத அறை. இதற்கு விதி கேட்பது குறைந்தது ஐந்து சதுர மீட்டர். விதி சொன்ன குறைந்தபட்சத்தையே அதிகபட்சமாக மதித்து நடப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை. மிச்சத்தை மாடுலர் கிச்சன் பார்த்துக்கொள்ளும். தொட்டால் மெதுவாக மூடிக்கொள்ளும் டிராயர், விரல் தடம் விழாத லேமினேட், மூலையில் சுழன்று வெளியே வரும் தட்டு எல்லாம் உண்டு. இட்லிக் குண்டானைத் தூக்கி வைக்க இடம் உண்டா? கிரைண்டர் எங்கே உட்காரும்? மேலே லாஃப்டில் இருக்கும் அண்டாவை ஐந்தடி உயரமுள்ள அம்மா எதன்மேல் ஏறி எடுப்பார்? மேடையின் உயரத்தைத் தீர்மானித்தபோது அங்கே நின்று மாவு பிசையப்போகிறவரை நிற்கவைத்து யாராவது முழங்கைவரை அளந்தார்களா? கிரானைட் என்ன நிறம் என்பதை மட்டும் குடும்பமே போய், நாலு கடை ஏறி இறங்கி முடிவுசெய்தது.

அளந்து பார்த்தவர் ஒருவர் இருந்தார். 1926இல் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட் நகராட்சி தொழிலாளர்களுக்குக் குடியிருப்புகள் கட்டியபோது, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் அதற்கான சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அடுப்பிலிருந்து ஸிங்குக்கு எத்தனை எட்டு, பாத்திரம் கழுவி அடுக்கக் கை எந்தப் பக்கம் போகும் என்று ஒவ்வொரு அசைவையும் கணக்கெடுத்து வரைந்தார். ஜன்னலோரம் வேலை மேசை, அதன் முன்னால் உட்கார்ந்து நறுக்க ஒரு முக்காலி. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது அமைந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மாள் சமைத்துப் பழகியவரே இல்லை. தனக்குத் தெரியாது என்பது தெரிந்ததால் சமைக்கிறவர்களைக் கேட்டார். நம்மூர் டிசைனருக்கும் சமைக்கத் தெரியாது. ஆனால் அவர் கேட்பது வீட்டுக்காரரின் பட்ஜெட்டை. மாடுலர் கிச்சனுக்கு ஃப்ராங்க்ஃபர்ட் கிச்சன்தான் பாட்டி என்பார்கள். பேத்தி அலமாரிகளை வாங்கிக்கொண்டாள், முக்காலியை விட்டுவிட்டாள். உட்கார்ந்து வேலை செய்வது நம் வீட்டுப் பெண்களுக்கு அடுக்குமா?

இதுவரை சொன்னது வீட்டுக்காரர்களின் கதை. அதே வீட்டுக்கு வேலைக்கு வருகிறவர் ஒருவர் உண்டு. பெரிய ஃபிளாட் என்றால் யுடிலிட்டிக்குப் பக்கத்தில், வெளிப்பக்கம் கதவு வைத்து, அவருக்கென்று ஒரு குறுகிய கக்கூஸ். வரைபடத்திலேயே ‘சர்வன்ட்ஸ் டாய்லெட்’ என்று எழுதி, அனுமதி வாங்கி, வெட்கமில்லாமல் கட்டுகிறோம். சின்ன ஃபிளாட்டில் அதுவும் கிடையாது. காலை ஆறரைக்கு வருகிற பெண் மதியத்துக்குள் நாலு வீட்டில் எட்டு கக்கூஸைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அவற்றில் ஒன்றில்கூட ஒதுங்க முடியாமல் அடக்கிக்கொண்டு வீடு போய்ச் சேருகிறார். அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வருகிறார். மேலே ஏறிப்போக அசோசியேஷன் தீர்மானம் போட்டு ஒதுக்கிய சர்வீஸ் லிஃப்ட், குப்பைக்கும் சிலிண்டருக்கும் அவருக்கும்.

“அந்தக் கால வீடு எப்படி இருந்தது தெரியுமா, திண்ணை, முற்றம், காற்று!” என்று பெருமூச்சு விடுகிற பெரியவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். முற்றத்தில் காற்று வந்தது உண்மை. அந்தத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்பதும் உண்மை. மாதத்தில் மூன்று நாள் வீட்டுப் பெண்களே எந்த மூலையில் கிடந்தார்கள் என்பதும் உண்மை. கொல்லைப்புறச் சந்து வழியாக மலம் அள்ள வந்தவர் வாசல்பக்கம் தலைகாட்ட முடிந்ததா? இன்டீரியர் டிசைனர்கள் பாரம்பரியத்தை மறந்துவிட்டார்கள் என்று யாரும் வருந்த வேண்டாம். முற்றத்தைத்தான் மூடினார்கள். கொல்லைச் சந்தை லிஃப்ட் வைத்துப் பத்திரமாக மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

அந்தப் பெண் திரும்பிப் போகிற வீடு கண்ணகி நகரில் இருக்கலாம், பெரும்பாக்கத்தில் இருக்கலாம். கூவத்தங்கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிய இடங்கள். 2000இல் தொடங்கிய கண்ணகி நகரில் முதலில் கட்டிய வீடுகள் பல 200 சதுர அடியைக்கூடத் தொடவில்லை. மாமியார், மருமகள், வயதுக்கு வந்த பெண், படிக்கிற பையன் எல்லாரும் அதற்குள்ளேயே. பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. லிஃப்ட் நின்றுபோனால் தண்ணீர்க் குடமும் முழங்கால் வலியும் படியேறும். மீன் கூடை எங்கே வைப்பது, தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது என்று வரைபடம் போட்டவர் யோசிக்கவில்லை. கூடையும் வண்டியும் வைத்துப் பிழைக்கிறவர்கள்தான் இங்கே வரப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்.

அங்கேயும் அழகுபடுத்தினார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. 2020இல் கண்ணகி நகரின் வெளிச்சுவர்களில் ஆளுயரத்தைத் தாண்டிய பெரிய பெரிய முகங்களை வரைந்து, கலை மாவட்டம் என்று பெயர் சூட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நான்கு மாடிக்கு முகம் வரையச் சுவர் கிடைத்தது; உள்ளே நாலு பேர் கால் நீட்டிப் படுக்கத் தரை கிடைக்கவில்லை. இந்தக் குடியிருப்புகளைக் கட்டிய, 1970இல் பிறந்த குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று கம்பீரமாகப் புதுப்பெயர் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அதே வாரியம் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் கட்டிய புதுக் குடியிருப்பின் சுவரைக் குடிவந்தவர்கள் கையால் தொட்டார்கள். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. அதை ஆராய்ந்து சொல்ல ஐஐடியிலிருந்து நிபுணர்கள் வரவேண்டியிருந்தது. விரல் நகம் சொன்னால் அரசாங்கம் நம்புமா?

காசில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெளிப்பக்கம் முழுதாகத் திறக்கும் ஜன்னலும், சுவர் உச்சியில் ஒரு வென்டிலேட்டரும், இரண்டடி சன்ஷேடும் வைக்க ஃபால்ஸ் சீலிங் அளவுக்குச் செலவாகாது. அடுப்பு மேடையைச் சமைப்பவரின் உயரத்துக்குக் கட்டினால் மேஸ்திரி கூடுதல் கூலி கேட்கமாட்டார். வாரிய வீட்டுக்குப் படம் போடுமுன் அங்கே குடிபோகப் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க டெண்டர் விடவேண்டியதில்லை. எதுவும் நடக்காததற்குக் காரணம் பணமோ அறிவோ இல்லை. இருப்பவர்களை இன்னும் நாம் ஆளாகவே மதிக்கவில்லை.

நம்பாதவர்கள் இதை மட்டும் செய்து பார்க்கட்டும். நாளைக் காலை வேலைக்கு வருகிற அம்மாவிடம், “எங்க பாத்ரூமையே யூஸ் பண்ணிக்கங்கக்கா” என்று சொல்லட்டும். இதற்கு ஆர்க்கிடெக்ட் வேண்டாம், ஒரு சதுர அடி கூடுதலாக வேண்டாம், வாஸ்துகூடத் தடுக்காது. சொல்ல நா எழவில்லை என்றால், எத்தனை லட்சம் கொட்டி இழைத்தாலும் அது மனிதர் வாழ்கிற வீடில்லை என்று தெரிந்துகொள்ளட்டும்.