எல்லாப் படமும் எங்க ஊர்ப் படம்

பெங்களூரு நீலசந்திரா பஜார் தெருவில் மாலை ஆறு மணிக்கு மேல் டீ குடிக்க ஒதுங்குகிறவர்கள் எந்தப் படத்தின் பெயரையும் வாய்தவறிச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் சினிமாப் பெரியவரிடம் மாட்டிக்கொள்வார்கள். ‘பை டூ’ டீயில் தன் பாதியை எடுத்துக்கொண்டு, மறுபாதி வாங்கியவருக்கு விமர்சனத்தை முழுதாகவே கொடுத்து அனுப்புவார். ஆஸ்டின் டவுன், விவேக்நகர், ஹலசூரு என்று தமிழ் புழங்கும் தெருக்கள் எங்கே உண்டோ, அங்கெல்லாம் இவரைப் போல ஒருவராவது உண்டு.

கதை, திரைக்கதை, பாட்டு இவற்றையெல்லாம் மற்ற ரசிகர்கள் பார்த்துக்கொள்வார்கள். இவர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: படத்தில் பெங்களூரு எங்கே இருக்கிறது?

“‘ஆயிரத்தில் ஒருவன்’, 1965. டைரக்டர் யாரு? பந்துலு. அவர் முதல்ல நடிச்ச படம் எது? 1936-ல ‘சம்சார நௌகா’, கன்னடம். ஹீரோயின் ஜெயலலிதா. பிறந்தது மேல்கோட்டை, படிச்சது நம்ம பிஷப் காட்டன் ஸ்கூல். ஹீரோயினா அறிமுகமானதும் பந்துலு எடுத்த கன்னடப் படம்தான், ‘சின்னத கொம்பே’. மிச்சம் வெளியூர்க்காரர்னு பார்த்தா எம்.ஜி.ஆர். ஒருத்தர்தான்பா.”

எம்.ஜி.ஆரே இயக்கிய படத்தைச் சொல்லி மடக்கலாம் என்று பார்த்தால் அதுவும் நடக்காது. 1958-ல் வந்த ‘நாடோடி மன்ன’னின் முற்பகுதி கறுப்பு வெள்ளை, பிற்பகுதி கேவா கலர். சரோஜா தேவி வருவதும் பிற்பகுதியில்தான். “எங்க ஊர்ப் பொண்ணு வந்தப்புறம்தானே படத்துக்கே கலர் வந்துச்சு!” என்பார். ரஜினி பேச்சு வந்தால் விளக்கம்கூடக் கிடையாது. பெங்களூரு டவுன் பஸ்ஸின் கண்டக்டர் விசிலை வாயிலேயே ஊதிக் காட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

புதுப் படம் எதுவும் இவருக்குப் பிடிக்காது. ஆனால் அந்தப் பிடிக்காமைக்கு ஒரு காலக்கெடு உண்டு. 2004-ல் ‘கில்லி’ வந்தபோது, “தெலுங்கு ‘ஒக்கடு’வை அப்படியே எடுத்து வச்சிருக்கான், பேஜாரு” என்று ஒதுக்கினார். 2024-ல் அதே படம் மறுவெளியீடு கண்டபோது முதல் வாரமே போய்ப் பார்த்துவிட்டு, “இனிமே இப்படி ஒரு படம் வருமா? முத்துப்பாண்டி யாரு? பிரகாஷ் ராஜ், நம்ம ஊரு” என்று நெகிழ்ந்தார். இந்தக் கணக்குப்படி, “ஒரே சத்தம்” என்று இவர் தள்ளிவைத்திருக்கும் ‘லியோ’ 2043-ல் காவியமாகிவிடும். அதற்கான முன்னேற்பாடும் நடந்துகொண்டிருக்கிறது. “அர்ஜுன் துமகூரு ஜில்லா, மதுகிரி” என்று இப்போதே குறித்து வைத்திருக்கிறார். வெற்றிமாறன் படம் என்றால் சன்னபட்டணாவின் கிஷோர் கைவசம் இருக்கிறார். ‘பொல்லாதவன்’, ‘ஆடுகளம்’, ‘வட சென்னை’ மூன்றும் ஒரே பெயரில் வரவு.

டிக்கெட் விலைதான் இவருடைய தீராத வருத்தம். 2025 செப்டம்பரில் கர்நாடக அரசு 200 ரூபாய்தான் உச்சம் என்று ஆணை போட்டதும் மார்க்கெட் வரை நடந்துபோய்ச் சேதி சொன்னார். அந்த மாதம் முடிவதற்குள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதைச் சொல்ல எங்கும் போகவில்லை.

இவர் வாயடைத்துப்போனது ஒரே ஒரு முறை. ‘தக் லைஃப்’ வெளியாகவிருந்த நேரத்தில், தமிழிலிருந்து கன்னடம் பிறந்தது என்று கமல் பேசியது பெரிய தகராறானது. 2025 ஜூன் 5 அன்று ஊரெல்லாம் வந்த படம் கர்நாடகத்தில் மட்டும் வரவில்லை. பெரியவரின் பேரேட்டைப் புரட்டினால் அது அசல் பெங்களூருப் படமாக வேண்டும். அதை இயக்கிய மணிரத்னத்தின் முதல் படம் கன்னடத்தில் எடுத்த ‘பல்லவி அனுபல்லவி’, 1983. பாலு மகேந்திராவின் முதல் படம் ‘கோகிலா’, 1977, அதுவும் கன்னடம். அதன் நாயகன் இதே கமல். இத்தனை இருந்தும் டீக்கடையில் அந்தப் பேச்சையே எடுக்காமல், சிவாஜியின் பழைய படங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1991-ல் காவிரிக் கலவரத்தைப் பார்த்தவர். எந்த நாளில் எந்தப் படத்தைப் பற்றிப் பேசலாம் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை சத்தமில்லாமல் ஓசூருக்குப் பஸ் ஏறினார். திரும்பி வந்தவரிடம் “எப்படிண்ணே?” என்று கேட்டார்கள்.

“பஸ்ஸுல சீட் கிடைச்சுது” என்றார்.

தெருப் பையன்கள் சும்மா விடுவார்களா? போன வாரம் ஆளுக்கொரு படமாக யோசித்து, கடைசியில் ‘பருத்திவீர’னைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மதுரைப் பக்கத்து மண், அமீர் இயக்கம், கார்த்தி நாயகன். “இதுல எங்கண்ணே பெங்களூரு?”

பெரியவர் அவசரப்படவில்லை. “முத்தழகு யாரு?”

“பிரியாமணி.”

“எங்க வளர்ந்துச்சு அந்தப் பொண்ணு? இங்க. மதுரைக்காரன் படம் எடுத்தான், 2006-க்கான தேசிய விருது எங்க ஊருக்கு வந்துச்சு.”

ஒரு பையன் போனைத் துழாவி, “படம் வந்ததே 2007-லதானே!” என்று துள்ளினான்.

“விருதுக்கு ரிலீஸ் கணக்கில்ல குரு, சென்சார் ஆன வருசம்தான் கணக்கு. இதுகூடத் தெரியாம சினிமா பேச வந்துட்டான்!”

அடுத்த படத்தைத் தேடிப் பையன்கள் கலைந்தார்கள்.