சபைக்கு ஆள் பிடிக்கும் பேராண்டிக்கு

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, ஆள் பிடிக்கக் கெளம்பியிருக்க. அக்டோபர் 2 கிராம சபை வந்துருச்சுல்ல. ஊராட்சி ஆபீஸ் செவுத்துல நோட்டீஸ் ஒட்டியாச்சு, மைக்கு கட்டின ஆட்டோ தெருத்தெருவாக் கத்திட்டுப் போயாச்சு, வாட்ஸ்அப்புல கும்பிடு போடுற கையும் அனுப்பியாச்சு. “அனைவரும் தவறாமல் கலந்துகொண்டு சிறப்பிக்குமாறு...” ஆகா! வாக்காளர் பட்டியல்ல பேரு இருக்கவன் அம்புட்டுப் பேரும் கிராம சபை உறுப்பினர்தான்னு 1993லருந்து அரசியல் சட்டத்துல இருக்கு. வீட்டுக்காரனயே அவன் வீட்டுக்கு வந்து சிறப்பிக்கச் சொல்ற பய நீ ஒருத்தன்தான்டா.

ஒனக்கு என்ன கவலை, கோரம். நம்ம ஊராட்சிக்கு 200 தலை வேணும். அதுக்கு ஒரு வழி ஏற்கெனவே வச்சிருக்கீகளே, அத ஏன் மாத்துற? 100 நாள் வேலைக்கு வந்த பொம்பளயாள்கள வரிசையா நிக்கவச்சு, “கையெழுத்துப் போட்டுட்டுப் போங்கக்கா”ன்னா முடிஞ்சுது. நோட்டுல 200 பேரு, பந்தல்ல 40 பேரு, அதுலயும் பாதி டீக்கு நிக்கிறவன். போட்டோக்காரனை மட்டும் கொஞ்சம் கிட்டக்க நின்னு எடுக்கச் சொல்லு, கூட்டம் நெறஞ்ச மாதிரி விழும்.

மேடையேறுனா மறக்காம உத்திரமேரூரப் பத்திப் பேசு. போன தடவை பேசுன, நல்லாத்தான் இருந்துச்சு. பராந்தக சோழன் காலத்துல, 919லயும் 921லயும், சபைக்கு ஆள் எடுக்குற முறையக் கல்லுலயே வெட்டி வச்சிருக்காக, வார்டு மாதிரி முப்பது குடும்பு, பேரெழுதிக் குடத்துல போடுற குடவோலை, சின்னப் பையனை விட்டு ஓலை எடுக்குறது எல்லாம். ஆனா மிச்சத்தையும் சொல்லிப்புடணும். கால் வேலிக்கு மேல வரி கட்டுற நெலம் இருக்கணும், வேதம் படிச்சிருக்கணும், வயசு 35க்கு மேல 70க்குள்ள. ஒனக்கு அம்புட்டு வயசு ஆகல, எனக்குத் தாண்டிப்போச்சு, ரெண்டு பேருக்குமே நெலம் கெடையாது. ஓலையில நம்ம பேரே வராதுடா. இன்னொண்ணும் அதுல இருக்கு: வாரியம்ங்கிற சபைக் குழுவுல இருந்து கணக்குக் காட்டாதவன் பேரையும், அவன் சொந்தக்காரன் பேரையும் குடத்துல போடக் கூடாது. அந்த விதிய இன்னைக்குக் கொண்டாந்தா குடத்த வேற சோலிக்கு எடுத்துக்கலாம், தண்ணி பிடிக்க.

சரி, கிண்டலை விடு. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி தெரியும்ல. 2022ல பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்ச ஊரு. 2024 நவம்பர்ல அந்தச் சுத்துவட்டாரத்துல டங்ஸ்டன் தோண்ட ஏலம் முடிஞ்சதுன்னு சேதி வந்துச்சு. அதே மாசக் கிராம சபையில ஊரு ஊராத் தீர்மானம் போட்டாய்ங்க. டிசம்பர்ல சட்டசபையும் போட்டுச்சு. சனவரியில மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்கு நடந்தே போனாய்ங்க. அந்த மாசம் 23ந் தேதி மத்திய அரசு ஏலத்த ரத்துப் பண்ணிருச்சு. தீர்மானம் ஒண்ணுதான் அதச் செஞ்சுதுன்னு நான் சொல்லல, நடந்த காலுக்கும் பங்கு இருக்கு. ஆனா அன்னைக்கு அந்தச் சபைக்கு எவனாச்சும் ஆட்டோ விட்டா கூட்டியாந்தாய்ங்க?

தன் மண்ணுன்னா வருவாய்ங்க. ஒன் பாடுதான் திண்டாட்டம். சபை வருசத்துக்கு ஆறு, டங்ஸ்டனுக்கு எங்கிட்டுப் போவ?

அதுனால சின்ன விசயத்தப் பிடி. போன தடவை என்ன கேட்ட? “யாருக்காச்சும் கருத்து இருக்கா?” கருத்து! அந்தக் கேள்விக்குக் கை தூக்குறவன் எவன்டா? எல்லாரும் காலுக்கிட்ட இருக்க மண்ணயில்ல பாத்தாய்ங்க. மேலத்தெருவுல பால் ஊத்துற அத்தைகிட்ட, “ஒங்க தெருக் குழாயில எத்தன மணிக்குத் தண்ணி வருது, எத்தன குடம் நெறையுது”ன்னு கேட்டுப்பாரு. நிமிசக் கணக்காச் சொல்லும். ரேசன் கடையில எந்தக் கிழமை என்ன இருக்காதுன்னு சொல்ல ஆளிருக்கு. எந்தக் கம்பத்துல லைட்டு எரியலன்னு ராத்திரி காவக்காரனக் கேளு. அவனவனுக்குத் தெரிஞ்சத அவனவன்கிட்ட, முறை சொல்லிக் கூப்பிட்டுக் கேக்கணும். தெரியாததக் கேட்டா வாயத் தொறப்பானா?

சொன்னத அவுக கண்ணு முன்னாடியே எழுதி வாசிச்சுக் காட்டு. ஆபீஸ்ல டைப் அடிச்சுக் கொண்டாந்த தீர்மானத்த ரயில் வேகத்துல வாசிக்கிறீகளே, அதுல அத்தையோட குழாய் எங்க இருக்கு? அடுத்த சபையில மொத வேலையா, போன தடவை சொன்னதுல எது ஆச்சு, எது ஆகலன்னு சொல்லிரு. ஆகலன்னாலும் ஏன் ஆகலன்னு சொல்லு, கோவிச்சுக்க மாட்டாக. ஒண்ணுமே சொல்லாம விட்டா, அடுத்த தடவை மாட்டுக்குப் புல்லறுக்கப் போயிருவாக. அதுலயாச்சும் மாடு பால் தரும்.

காலனியிலருந்து ஒரு பிள்ளை போன மே மாசம் எந்திரிச்சு, சுடுகாட்டுப் பாதையப் பத்திப் பேச ஆரம்பிச்சுதே, ஞாபகம் இருக்கா? முன்வரிசை பெரிய மனுசன் ஒருத்தர் “ஒக்காரும்மா, அதெல்லாம் பாத்துக்கலாம்”னாரு. நீ என்ன பண்ணுன? மைக்க வாங்கி அவரு கையில குடுத்த. அந்தப் பிள்ளையும் திரும்ப வரல, அதப் பாத்த பத்துப் பேரும் வரல. அப்புறம் என்னடான்னா வீடு வீடாப் போயி, “ஏன் வர மாட்டேங்கிறீக”ன்னு கேக்குற. கோயில் வளாகத்துல சபை நடத்தக் கூடாதுன்னு கலெக்டர் ஆபீஸ்லருந்தே சொல்லி அனுப்புறாக, நீங்க கோயில் வாசல்ல இருந்து நாலடி தள்ளிப் பந்தல் போட்டுட்டுச் சட்டம் பேசுறீக. அந்த நாலடியக் கடக்கத்தான்டா சில பேருக்கு மனசு வரல. ஒரு தடவ காலனிப் பள்ளிக்கூடத்துல போட்டுப் பாரு. முன்வரிசை அங்கிட்டு வருதான்னு நானும் பாக்கணும்.

அப்புறம், எப்பவும் கொறை சொல்லிட்டே இருக்கானே ஒருத்தன், அவன். எந்திரிச்சாலே தலைவரு மூஞ்சி சுண்டிப் போகும். அவனத் தொலைச்சுக்கட்டப் பாக்காத. வரவு செலவு நோட்ட அவன் கையில குடுத்துத் தெரு வாரியாச் சரிபாக்கச் சொல்லு. ஒண்ணு, கொறையக் கண்டுபிடிப்பான். இல்ல, வேலையிருக்குன்னு எந்திரிச்சுப் போயிருவான். எதுன்னாலும் ஊருக்கு லாபந்தான்.

என்னடா சிரிக்கிற? “தாத்தா, நீங்க வருவீகளா?”வா? வந்ததுலருந்து “வந்துருங்க, வந்துருங்க”ன்னுதான் சொல்ற, ஒண்ணாச்சும் என்னயக் கேட்டியா? ஊருணிக்குத் தண்ணி வாராத வரத்துக்கால் எங்கன அடைபட்டுக் கெடக்கு, எவன் வேலிய அதுக்குள்ள தள்ளிப் போட்டிருக்கான்னு எனக்குத் தெரியும். இப்பச் சொல்ல மாட்டேன். பதினோரு மணிக்கு, மைக்குல கேளு. முன்வரிசையில இருக்கவரு எழுந்து போகாமப் பாத்துக்க, அது மட்டும் ஒன் பொறுப்பு.